வெந்நீர்க் கருவி வாங்குமுன் வீட்டைக் கேளுங்கள்

(மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல் பிரிவு)



பாலிடெக்னிக்கில் படிக்கிறோம் என்று தெரிந்துவிட்டால் போதும், ஐப்பசி மழை ஆரம்பித்ததும் ஊரில் நம்மைப் பார்ப்பவர்கள் எல்லாம் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள். "ஏன் தம்பி, வெந்நீருக்கு கீசர் போடறதா, சோலார் போடறதா? எது நல்லது?"

நல்லது எது என்று பொதுவாகச் சொல்லிவிட முடியாது. ஒரு வீட்டுக்கு நல்லது, அடுத்த வீட்டுக்கு தண்டச் செலவு. மருந்து மாதிரிதான். நோயாளியைப் பார்க்காமல் மாத்திரை எழுதக் கூடாது. செஞ்சிக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் மேல்மலையனூரை உதாரணமாக வைத்து, ஒரு வீட்டுக்கு எந்த வெந்நீர் ஏற்பாடு பொருந்தும் என்று கண்டுபிடிக்கும் முறையை இந்தக் கட்டுரையில் எழுதுகிறேன். முதல் வருஷம் படித்த இயற்பியலுக்கு மேல் இதில் எதுவும் இல்லை.

கொஞ்சம் வரலாறு

ஐரோப்பா போன்ற குளிர் நாடுகளில் 'சென்ட்ரல் ஹீட்டிங்' என்று ஓர் ஏற்பாடு உண்டு. வீட்டில் ஒரே ஒரு பாய்லர். அதிலிருந்து சூடான தண்ணீர் குழாய் வழியாக எல்லா அறைக்கும் போய் அறையைச் சூடாக்கும், குளியலுக்கும் அதே பாய்லர்தான். நமக்கு அறையைச் சூடாக்கும் அவசியம் இல்லை. சித்திரையில் அறையை எப்படிக் குளிர வைப்பது என்பதுதான் நம் கவலை. ஆகவே நம் பிரச்சினை வெறும் தண்ணீர்ப் பிரச்சினை.

லண்டனைச் சேர்ந்த பெஞ்சமின் வாடி மாகன் 1868-ல் எரிவாயுவால் உடனுக்குடன் தண்ணீரைச் சூடாக்கும் கருவியைச் செய்து 'கீசர்' என்று பெயர் வைத்தார். ஐஸ்லாந்து நாட்டில் தரையைப் பிளந்துகொண்டு பீறிடும் வெந்நீர் ஊற்றின் பெயர் அது. சூரிய வெப்பக் கருவியும் புதுசு இல்லை. அமெரிக்காவில் கிளாரன்ஸ் கெம்ப் என்பவர் 1891-ல் 'கிளைமாக்ஸ்' என்ற சோலார் வாட்டர் ஹீட்டருக்குக் காப்புரிமை பெற்றார். அதில் ராத்திரி தண்ணீர் ஆறிப்போகும். 1909-ல் வில்லியம் பெய்லி என்பவர் சூடாக்கும் பலகையைத் தனியாகவும், வெப்பம் போகாமல் மூடிய தொட்டியைத் தனியாகவும் பிரித்தார். பகலில் சுட்ட தண்ணீர் மறுநாள் காலை வரை சூடாக இருந்தது. இன்று நம் மொட்டை மாடிகளில் இருப்பது அதே தத்துவம்தான்.

முதலில் ஒரு பக்கெட் கணக்கு

எந்தக் கருவியாக இருந்தாலும் ஆரம்பக் கணக்கு ஒன்றே. ஒரு லிட்டர் தண்ணீரை 1 டிகிரி செல்சியஸ் உயர்த்த 4.186 கிலோ ஜூல் வெப்பம் வேண்டும். ஒரு யூனிட் மின்சாரம் என்பது 3600 கிலோ ஜூல்.

ஒருவர் குளிக்க 20 லிட்டர் பக்கெட் ஒன்று என்று வைத்துக்கொள்வோம். குளிர்காலக் காலையில் தொட்டித் தண்ணீர் 25 டிகிரி. உடம்புக்கு இதமான சூடு 40 டிகிரி. உயர்த்த வேண்டியது 15 டிகிரி மட்டுமே. 20 × 15 × 4.186 = 1256 கிலோ ஜூல். அதாவது 0.35 யூனிட்.

நாலு பேர் உள்ள வீட்டில் நாளுக்கு 1.4 யூனிட். இரண்டு மாதத்துக்கு 84 யூனிட். தமிழ்நாட்டில் 2016 முதல் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். நாலு பேரும் தினமும் வெந்நீரில் குளித்தால் அந்த இலவசத்தில் பெரும்பகுதியை பாத்ரூமே சாப்பிட்டுவிடும். அப்புறம் ஃபேன், லைட், மிக்ஸி எல்லாம் காசு கொடுத்து ஓட வேண்டியதுதான். கரண்ட் பில் ஏன் இப்படி வருகிறது என்று வீட்டில் சண்டை வந்தால் இந்தக் கணக்கைக் காட்டுங்கள்.

இதே வேலையை கேஸ் அடுப்பில் பாத்திரம் வைத்துச் செய்தால்? ஒரு கிலோ சமையல் கேஸில் சுமார் 46,000 கிலோ ஜூல். அதில் அறுபது சதவீதம் தண்ணீருக்குப் போகிறது என்று வைத்தால், நாலு பக்கெட்டுக்கு நாளுக்கு 180 கிராம் கேஸ். 14.2 கிலோ சிலிண்டர் ஒன்று, சமையலே இல்லாமல், குளியலுக்கு மட்டும் இரண்டரை மாதம்தான் வரும்.

விறகு? நம் திறந்த அடுப்பில் பத்துப் பதினைந்து சதவீத வெப்பம்தான் அண்டாவுக்குப் போகிறது, மீதி எல்லாம் காற்றோடு போச்சு. நாளுக்குக் கிட்டத்தட்ட 3 கிலோ விறகு. எங்கள் பக்கம் சீமைக்கருவேலம் கிடைக்கிறது, மணிலாத் தோல் கிடைக்கிறது. ஆகவே விறகு 'சும்மா' என்று நினைக்கிறோம். விடியுமுன் எழுந்து அதை ஊதுகிற அம்மாவின் கண்ணையும் நெஞ்சையும் யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை.

வீட்டிடம் கேட்க வேண்டிய நாலு கேள்வி

கேள்வி 1: உன் தண்ணி என்ன தண்ணி?

செஞ்சி வட்டாரம் பாறை நிலம். மலையைப் பார்த்தாலே தெரியும். போர் போட்டால் பாறை இடுக்கில் ஊறும் தண்ணீர்தான் வரும், பல வீடுகளில் உப்புத் தண்ணி. சோப்பு நுரைக்காது, துணி வெளுக்காது, வெந்நீர் வைக்கிற பாத்திரத்தின் உள்ளே வெள்ளையாக அடை கட்டும். இதுதான் கடினத்தன்மை. குடிநீருக்கான இந்தியத் தர அளவு ஐ.எஸ். 10500, கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை ஏற்கலாம், வேறு தண்ணீர் இல்லாவிட்டால் 600 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்று சொல்கிறது. அது குடிக்கிறவனுக்குச் சொன்னது. கீசருக்கு அந்த 600 தாங்காது.

காரணம் இது. தண்ணீரில் கரைந்திருக்கும் கால்சியம் பைகார்பனேட், சூடு ஏறும்போது கார்பன் டை ஆக்சைடை விட்டுவிட்டு கால்சியம் கார்பனேட்டாகக் கீழே படிகிறது. சுண்ணாம்புக்கல்லும் இதுவும் ஒரே பொருள். லிட்டருக்கு 400 மில்லிகிராம் இப்படிப் படியக்கூடிய தண்ணீரில், தினம் 100 லிட்டர் சூடாக்கினால், வருஷத்துக்கு 14 கிலோவுக்கு மேல் சுண்ணாம்பு அந்தக் கருவி வழியாகப் போகிறது. பத்தில் ஒரு பங்கு மட்டும் உள்ளேயே தங்கினாலும் ஒன்றரை கிலோ! ஹீட்டர் கம்பியின் மேல் அது சட்டை போட்ட மாதிரி மூடிக்கொள்ளும். வெப்பம் தண்ணீருக்குப் போகாமல் கம்பியே சுட்டுக் கருகும்.

சூடு அதிகமாக அதிகமாகப் படிவும் அதிகம். எனவே உப்புத் தண்ணி வீட்டில் தெர்மோஸ்டாட்டை 75 டிகிரிக்கு முறுக்கி வைக்காமல் 60 டிகிரிக்குள் வைக்க வேண்டும். வருஷம் ஒரு முறை கழற்றிச் சுத்தம் செய்வதையும், உள்ளே இருக்கும் மெக்னீசியம் தண்டு கரைந்துவிட்டதா என்று பார்ப்பதையும் விடக் கூடாது. அந்தத் தண்டு தன்னை அரிக்கக் கொடுத்துத் தொட்டியைக் காப்பாற்றுகிறது.

கேள்வி 2: உன் தொட்டி எவ்வளவு உயரம்?

10 மீட்டர் உயரத் தண்ணீர் சுமார் ஒரு கிலோ அழுத்தம் தரும் (சதுர சென்டிமீட்டருக்கு). சாதாரண ஒரு மாடி வீட்டைப் பாருங்கள். தளம் 10 அடி. அதன்மேல் 3 அடி மேடையில் சின்டெக்ஸ் தொட்டி. ஷவர் ஆறரை அடியில். வித்தியாசம் ஆறரை அடிதான், அதாவது 2 மீட்டர். அழுத்தம் 0.2 கிலோ. உடனடி கீசர்களுக்கு, அதுவும் கேஸ் கீசர்களுக்கு, இவ்வளவு அழுத்தம் இருந்தால்தான் வேலை செய்யும் என்று ஒரு குறைந்தபட்ச அளவு உண்டு. கூட வரும் காகிதத்தில் அதை அச்சடித்திருப்பார்கள். படிப்பவர்தான் இல்லை.

குழாய் நீளத்தையும் டேப் வைத்து அளக்க வேண்டும். முக்கால் அங்குலக் குழாய் 40 அடி போனால் அதற்குள்ளேயே சுமார் 4 லிட்டர் தண்ணீர் நிற்கும். அந்த 4 லிட்டர் பச்சைத் தண்ணி வெளியே வந்த பிறகுதான் சூடு வரும். குளித்து முடித்ததும் அடுத்த 4 லிட்டர் வெந்நீர் குழாயிலேயே ஆறிப்போகும். வெந்நீருக்குச் சாதாரண பி.வி.சி. குழாய் ஆகாது, இளகிவிடும். சி.பி.வி.சி. குழாய்தான் போட வேண்டும்.

கேள்வி 3: உன் கம்பி தாங்குமா?

2 கிலோவாட் கீசர் 230 வோல்ட்டில் 8.7 ஆம்பியர் இழுக்கும். 3 கிலோவாட் என்றால் 13 ஆம்பியர். டி.வி.க்குப் போட்ட மெல்லிய கம்பியில் இதைச் சொருகினால் சுவருக்குள்ளேயே அடுப்பு எரியும். மெயின் பலகையிலிருந்து தனிக் கம்பி, 16 ஆம்பியர் பாயிண்ட், உண்மையான எர்த், 30 மில்லி ஆம்பியரில் துண்டிக்கும் கசிவுப் பாதுகாப்பு ஸ்விட்ச், இந்த நாலும் இல்லாத வீட்டில் கீசரை மாட்டக் கூடாது. ஈரக் காலோடு நிற்கும் இடத்தில் நாம் கரண்டை வைக்கிறோம் என்பது நினைவில் இருக்கட்டும். பக்கெட்டில் போடும் ஹீட்டர் கம்பியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அது எரியும்போது தண்ணி சுட்டுதா என்று விரலை விட்டுப் பார்ப்பது உயிரோடு விளையாடுவது.

நம் கிராமத்து வோல்டேஜும் ஒரு விஷயம். எங்கள் வீட்டில் ஒரு சாயங்காலம் மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தேன், 190-ஐத் தாண்டவில்லை. வெப்பம் வோல்டேஜின் வர்க்கத்துக்கு நேர்விகிதம். 190-ஐ 230-ஆல் வகுத்து வர்க்கம் எடுத்தால் 0.68. 3 கிலோவாட் உடனடி கீசர் 2 கிலோவாட்டாகச் சுருங்கிவிடும். முழு வோல்டேஜில் நிமிடத்துக்கு 2.9 லிட்டர் இதமான வெந்நீர் தர வேண்டிய கருவி 2 லிட்டர்தான் தரும். ஒரு பக்கெட் நிரம்பப் பத்து நிமிஷம். பள்ளிக்கூடப் பிள்ளைகள் உள்ள வீட்டில் இது நடக்கிற காரியமா? தொட்டி உள்ள கீசருக்கு இந்தக் கஷ்டம் குறைவு. கொஞ்சம் முன்னால் போட்டுவிட்டால் சரி.

கேள்வி 4: யார், எத்தனை பேர், எப்போது?

15 லிட்டர் கீசர் என்றால் 15 லிட்டர்தானே, ஒரு பக்கெட்டே வராதே என்று பலர் நினைக்கிறார்கள். அதில் 60 டிகிரி தண்ணீர் இருந்தால், 25 டிகிரி தண்ணீரோடு கலந்து 40 டிகிரியில் 35 லிட்டர் ஆகும். கிட்டத்தட்ட ஒன்றே முக்கால் பக்கெட். அதைச் சுட வைக்க 0.61 யூனிட், 2 கிலோவாட்டில் 18 நிமிஷம்.

ஸ்டார் முத்திரையைப் பற்றியும் ஒரு வார்த்தை. தொட்டி கீசரில் அந்த ஸ்டார், தண்ணீரைச் சுட வைப்பதை அளப்பதில்லை. சுட்ட தண்ணீர் ஆறாமல் எவ்வளவு நேரம் காக்கிறது என்பதைத்தான் அளக்கிறது. நாள் முழுக்கப் போட்டு வைக்கும் வீட்டுக்கு ஐந்து ஸ்டார் லாபம். குளிக்கும் முன் இருபது நிமிஷம் போட்டு அணைக்கும் வீட்டில் வித்தியாசம் கொஞ்சம்தான்.

சோலார்: நம் வெயிலுக்கு ஏற்றதா?

வெயிலுக்குக் குறைவில்லை. 2 சதுர மீட்டர் பலகை, நாளுக்குச் சதுர மீட்டருக்கு 5 யூனிட் வெயில், அதில் பாதி தண்ணீருக்கு என்று போட்டால் 5 யூனிட் வெப்பம். 100 லிட்டரை 25-லிருந்து 60-க்கு உயர்த்த 4.1 யூனிட் போதும். எங்கள் ஊர் அட்சரேகை சுமார் 12 டிகிரி. மார்கழி உச்சி வெயில் தலைக்கு நேராக இல்லாமல் 36 டிகிரி தெற்கே சாய்ந்திருக்கும். ஆகவே பலகை தெற்கு நோக்கிச் சாய்ந்திருக்க வேண்டும். தெற்கே தென்னை மரம் நின்றால் முதலில் மரத்தைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

ஆனால் மூன்று இடத்தில் இது சறுக்கும். முதலாவது, வெந்நீர் அதிகம் தேவைப்படும் ஐப்பசி, கார்த்திகையில்தான் நமக்கு வடகிழக்குப் பருவமழை. வானம் மூடிக்கிடக்கும். இதற்காக சோலார் தொட்டிக்குள் கரண்ட் ஹீட்டர் வைக்கச் சொல்வார்கள். அது 34 லிட்டர் வெந்நீர் போதும் என்கிற வீட்டில் 100 லிட்டரையும் சுட வைக்கும். 2 கிலோவாட்டில் இரண்டு மணி நேரம், 4 யூனிட்! அதைவிடத் தனியாக ஒரு சின்ன கீசர் மேல். நம் மாவட்டத்து ஆரோவில்லில் 15 மீட்டர் விட்டமுள்ள சூரியக் கிண்ணத்தால் நீராவி உண்டாக்கிச் சமைக்கும் சோலார் கிச்சன் இருக்கிறது. அங்கேயும் மேகமூட்டமான நாளுக்கென்று டீசல் பாய்லர் ஒன்றைச் சேர்த்தே அமைத்தார்கள்.

இரண்டாவது, உயரம். சோலார் தொட்டியைவிடப் பச்சைத் தண்ணீர்த் தொட்டி உயரத்தில் இருக்க வேண்டும். அதற்கு மாடி மேல் ஏழு அடி தூண் எழுப்பி அரை டன் தண்ணீரை ஏற்ற வேண்டும். கடைக்காரர் சொல்லும் விலையில் பெரும்பாலும் இந்தக் கொத்தனார் செலவு இருக்காது.

மூன்றாவது, மறுபடியும் உப்பு. தட்டைப் பலகையின் செம்புக் குழாய்கள் அரை அங்குலம்தான், சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். எங்கள் சித்தப்பா வீட்டில் ஒரு வியாபாரி தண்ணீரைப் பரிசோதிக்காமலே அந்த மாதிரி வைத்துவிட்டுப் போனார். மூன்றாவது வருஷம் வெயிலில் பலகை கொதிக்கிறது, குழாயில் வருவது பச்சைத் தண்ணி. கண்ணாடிக் குழாய் வகை உப்பைக் கொஞ்சம் அதிகம் தாங்கும். ஆனால் எங்கள் பக்கம் குரங்குத் தொல்லை உண்டு, குழாய் உடைந்தால் மாற்றவும் வேண்டும்.

கேஸ் கீசர்: கட்டாயம் தெரிய வேண்டியது

இதில் தண்ணி சீக்கிரம் வரும், கரண்ட் வேண்டாம். ஆனால் நிமிடத்துக்கு 6 லிட்டரை 25 டிகிரி உயர்த்தும் தீ, 10 கிலோவாட்டுக்கு மேல். நாலைந்து அடுப்பு பர்னரை ஒன்றாக எரிப்பது போல. பத்து நிமிஷத்தில் அதற்கு 2 கன மீட்டர் காற்று வேண்டும். 5 அடிக்கு 4 அடி, 7 அடி உயரக் குளியலறையில் மொத்தக் காற்றே 4 கன மீட்டர்தான். கதவைச் சாத்திக் குளித்தால் காற்று பற்றாமல் கேஸ் அரைகுறையாக எரிந்து கார்பன் மோனாக்சைடு உண்டாகும். நிறமில்லை, மணமில்லை. மயக்கம் வந்து விழுந்த பிறகு கதவைத் திறக்கக்கூட முடியாது. இப்படி இறந்தவர்களைப் பற்றிச் செய்தித்தாளில் படித்திருப்பீர்கள். ஆகவே கேஸ் கீசரும் சிலிண்டரும் குளியலறைக்கு வெளியே, காற்றோட்டமான இடத்தில்தான் இருக்க வேண்டும். உள்ளே வைப்பது கூடவே கூடாது.

அமாவாசைக் கணக்கு

எங்கள் ஊருக்கென்று ஒரு விசேஷம் உண்டு. அங்காளம்மன் கோயிலில் ஒவ்வொரு அமாவாசை இரவும் ஊஞ்சல் உற்சவம். எங்கெங்கிருந்தோ ஜனம் வரும். வீட்டுக்கு உறவினர் வருவார்கள், சிலர் அறையை வாடகைக்கும் விடுவார்கள். சாதாரண நாளில் நாலு பக்கெட் தேவைப்படும் வீட்டுக்கு அன்றைக்கு இருபது பக்கெட் வேண்டும்.

அந்த ஒரு நாளுக்காக 300 லிட்டர் சோலார் வைத்தால் மற்ற இருபத்தெட்டு நாளும் வெந்நீர் மொட்டை மாடியில் சும்மா கொதித்து உப்பு கட்டும். அன்றாட அளவுக்கு வைத்தால் அமாவாசைக்குப் பற்றாது. எனவே தினசரித் தேவைக்கு ஒரு கருவி, கூட்ட நாளுக்கு வேறு ஏற்பாடு என்று பிரிப்பதே புத்திசாலித்தனம். நடுவில் புகைக்குழாய் உள்ள பழைய செம்பு பாய்லர் அந்த ஒரு நாளுக்குத் தாராளம். தீ நடுவில் போவதால் திறந்த அடுப்பைவிட விறகு குறையும், புகையும் மேலே போய்விடும்.

எங்கள் வீட்டு முடிவு

போன வருஷம் எங்கள் அப்பா சீட்டு எடுத்து 200 லிட்டர் சோலார் வைக்க முடிவு செய்திருந்தார். அம்மாவுக்கு அடுப்புப் புகையால் இருமல். அதனால் ஏதாவது செய்தே ஆக வேண்டும். நான் நாலு கேள்வியையும் நோட்டில் எழுதி வீட்டைச் சுற்றினேன். தண்ணி உப்பு. முன்பக்கம் ஓடு, பின்பக்கம் மட்டும் தளம், தொட்டி மூன்றடி மேடையில். சாயங்கால வோல்டேஜ் குறைவு, விடியற்காலையில் பரவாயில்லை. தினமும் வெந்நீரில் குளிப்பது ஆயாவும் தங்கச்சியும் மட்டுமே. அப்பாவும் நானும் மார்கழியில்கூட பம்ப் செட்டில்தான்.

"எனக்கு எதுக்குடா இத்தனை செலவு? ஒரு சொம்பு சுடுதண்ணி போதும்டா கண்ணு" என்றார் ஆயா. கணக்கும் ஏறக்குறைய அதைத்தான் சொன்னது. 15 லிட்டர் தொட்டி கீசர், 55 டிகிரியில், விடியற்காலை அரை மணி நேரம். மீதிக் காசில் தனிக் கம்பி, எர்த், கசிவு ஸ்விட்ச். ஆயாவுக்குக் கை நடுக்கம். 60 டிகிரி தண்ணீர் சில நொடியில் தோலைப் பொசுக்கிவிடும். அதனால் பக்கெட்டில் முதலில் பச்சைத் தண்ணி, பிறகு வெந்நீர் என்று குழாய்க்குப் பக்கத்திலேயே எழுதி ஒட்டினேன். அமாவாசைக்குக் கொல்லையில் செம்பு பாய்லர். சீட்டுப் பணத்தில் பெரும்பகுதி மிச்சம். அம்மா இப்போது தினமும் அடுப்பு ஊதுவதில்லை.

எதிர் வீட்டில் ஏழு பேர். பஞ்சாயத்துக் குழாயில் நல்ல தண்ணி, இரண்டு மாடி, உயரத் தொட்டி, தெற்கே வெட்டவெளி. அவர்களுக்கு சோலார்தான் சரி என்று நானே சொன்னேன். வைத்தார்கள், நன்றாக இருக்கிறது.

முடிவுரை

நண்பர்களே, டிப்ளமோ முடித்து நம்மில் சிலர் பெரிய தொழிற்சாலைக்குப் போவோம், சிலர் ஊரிலேயே கடை வைப்போம். எங்கே இருந்தாலும் நம்மிடம் வீட்டு விஷயம் கேட்க ஆள் வருவார்கள். அவர்கள் போடும் காசு சீட்டுக் காசு, நகையை வைத்த காசு. கம்பெனி விளம்பரத்தைத் திருப்பிச் சொல்ல நாம் தேவையில்லை.

அடுத்த விடுமுறையில் ஊருக்குப் போகும்போது ஒரு டேப், ஒரு தெர்மாமீட்டர், ஒரு மல்டிமீட்டர் எடுத்துப் போங்கள். கீழ்க்கண்டவற்றை உங்கள் வீட்டில் அளந்து எழுதுங்கள்:

1. தண்ணீரின் கடினத்தன்மை (குடிநீர்ப் பரிசோதனைக் கூடத்தில் ஒரு பாட்டில் கொடுத்தால் தெரியும்).
2. தொட்டியின் அடியிலிருந்து குழாய் வரை உயரம், குழாயின் நீளம்.
3. காலையிலும் மாலையிலும் வோல்டேஜ், கம்பியின் கனம், எர்த் இருக்கிறதா?
4. யார் யார், எத்தனை பக்கெட், எத்தனை மணிக்கு?
5. வீட்டில் முதியவர், குழந்தை உண்டா?

இந்த ஐந்துக்கும் விடை எழுதிய பிறகு கடைக்குப் போங்கள். அதற்கு முன்னால் போக வேண்டாம்.